ஒரு சொல்லோடு முப்பத்திரண்டு வருஷம்

ஜில்லா கோர்ட்டு ஒன்றில் முப்பத்திரண்டு வருஷ காலம் மொழிபெயர்ப்பாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தமிழில் எழுதப்பட்ட கிரயப் பத்திரங்களையும் உயில்களையும் கடன் சீட்டுகளையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் மேல் கோர்ட்டின் பார்வைக்காக ஆங்கிலத்தில் பெயர்ப்பதும், ஆங்கிலத்தில் உள்ள கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் அவற்றால் கட்டுண்ட கட்சிக்காரர்கள் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும்படி தமிழில் ஆக்குவதும், தமிழ் அறியாத சாட்சி கூண்டில் ஏறும் அபூர்வமான நாட்களில் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நின்று வாயால் பெயர்த்துச் சொல்வதும் என் வேலை. எந்த ஆங்கிலச் சொல் உங்களை அதிகமாகச் சிரமப்படுத்தியது என்று என்னைக் கேட்கிறவர்கள், சட்டப் புத்தகத்திலிருந்து ஏதோ ஒரு லத்தீன் பதத்தை நான் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். லத்தீன் பதங்கள் என்னை ஒருநாளும் சிரமப்படுத்தியதில்லை. அவற்றுக்கு அர்த்தம் ஒன்றுதான், அதை அகராதியில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். என்னை வருஷக்கணக்கில் விழிக்கவைத்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சரியா தப்பா என்று கோடிடும் பயிற்சியிலேயே கற்றுக்கொண்டுவிடுகிற ‘ட்ரூ’ என்னும் சின்னஞ்சிறு சொல்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் அறையில் இருந்தவை இரண்டு மேஜைகள், ஒரு மர அலமாரி, சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், அந்தச் சொற்களஞ்சியத்தைக் காட்டிலும் அதிகமாக நான் நம்பியிருந்த முதுநிலை மொழிபெயர்ப்பாளர் ஆகியவைதாம். அவரை எல்லோரும் பெரியவர் என்றே அழைத்தார்கள். மிருதுவான குரலும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசிக்கும் வழக்கமும் உடையவர். ஒரு சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். அந்தச் சொல் வருகிற வாக்கியத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுவார், பிறகு அதற்கு முன் வாக்கியத்தையும் வாசிக்கச் சொல்லுவார். எனக்கு அப்போது அது தாமதமாகப்பட்டது. அந்தத் தாமதம் எதற்காக என்பதை ஒரு விதவையின் கண்ணீரைக் கொடுத்துத்தான் நான் கற்றேன்.

மரவாடி வியாபாரத்தில் கூட்டாளிகளாக இருந்த இருவருள் ஒருவர் காலமாகிவிட, அவருடைய மனைவி கணக்குக் கேட்டுத் தாவா செய்திருந்தார். காலமானவர் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் போட்டதோடு சரி, வியாபாரத்தைக் கவனித்ததெல்லாம் மற்றவரே. காலமானவர் தம் மகனுக்கு ஆங்கிலத்தில் எழுதிய பழைய கடிதம் ஒன்றைப் பிரதிவாதி தரப்பில் தாக்கல் செய்தார்கள். அதில் தம் கூட்டாளியைப் பற்றி, எப்போதும் அவரை ‘ட்ரூ’வாகவே கண்டிருப்பதாக ஒரு வரி இருந்தது. நான் அதைச் சொல்லுக்குச் சொல்லாக, அவரிடம் எப்போதும் உண்மையையே கண்டறிந்திருக்கிறேன் என்று தமிழில் ஆக்கிவிட்டேன். அந்த அம்மாள் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் என் தமிழை வாசித்துக் காட்டி, “உங்கள் கணவர் கணக்குகளைச் சோதித்து, உண்மை என்று கண்டறிந்துதானே இப்படி எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார். ஆங்கிலம் அறியாத அந்த அம்மாள், கணவரின் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவங்க அப்படி எழுதியிருந்தா அது சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்தப் பதில் அப்படியே பதிவாயிற்று. வெளியே வந்து தூணோரம் அவர் அழுதுகொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அதற்குக் காரணம் நான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலை பெரியவர் கட்டைப் பிரித்து மூலக் கடிதத்தையும் என் மொழிபெயர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். “தம்பி, இந்த ‘ட்ரூ’ எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. “கணக்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறதா, மனுஷரைப் பற்றிக்கொண்டு நிற்கிறதா? ஒரு மனுஷரை ‘ட்ரூ’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் விசுவாசம் தவறாதவர் என்று அர்த்தம். அவர் சொன்னதையும் எழுதியதையும் சோதித்துப் பார்த்தேன் என்று அர்த்தமில்லை. சோதித்துப் பார்க்கிறவன் இப்படி ஒரு வரி எழுத மாட்டான், சோதிக்காமல் நம்புகிறவன்தான் எழுதுவான்” என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் பெரியவரே என்னை அழைத்துக்கொண்டு நீதிபதியின் அறைக்குச் சென்று, மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டதை எடுத்துச் சொன்னார். ‘அவர் விசுவாசம் தவறியதை நான் ஒருநாளும் கண்டதில்லை’ என்று திருத்தப்பட்ட வாசகம் தாக்கலாகி, அந்த அம்மாளை மறுபடியும் விசாரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்காக ஒரு வாய்தா போயிற்று, அந்த வயதில் அவர் இரண்டு பஸ் மாறி இன்னொரு முறை வரவேண்டியதாயிற்று.

அந்தப் பிழைக்குப் பிறகுதான் நான் அந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். ஆக்ஸ்போர்டு பேரகராதி, ஜேம்ஸ் மர்ரே என்ற மகாபண்டிதரின் தலைமையில் 1884இல் முதல் பகுதி வெளிவந்து, அவர் மறைந்த பின்னும் வேலை தொடர்ந்து 1928இல் நிறைவுற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்த நூற்றாண்டில் எந்த அர்த்தத்தில் வழங்கியது என்பதைக் கிரமமாகக் காட்டுவது அதன் முறை. அந்த வரலாற்றில் ‘ட்ரூ’ முதலில் குறித்தது விசுவாசத்தையே: எஜமானனுக்கும் தோழனுக்கும் கொடுத்த வாக்குக்கும் மாறாமல் நிற்பது. நடந்ததோடு ஒத்திருப்பது என்னும் அர்த்தம், இன்று நமக்கு முதலில் தோன்றுவது, அதற்குப் பிற்பட்டு வந்து சேர்ந்தது. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ட்ரஸ்ட்’, போரை நிறுத்திவைக்க இரு தரப்பும் செய்துகொள்ளும் வாக்கைக் குறிக்கும் ‘ட்ரூஸ்’, விவாக நிச்சயத்தில் கொடுக்கும் வாக்கைக் குறிக்கும் ‘ட்ரோத்’ ஆகியவை எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இவை யாவும் மரத்தைக் குறிக்கும் ‘ட்ரீ’யோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, மரம்போல் உறுதியாக நிற்பதே மூலக் கருத்து என்று சொல்லாராய்ச்சி வல்லுநர் பலர் கருதுகிறார்கள். அந்த வேரிலிருந்தே சம்ஸ்கிருதத்தில் தாரு என்னும் மரப்பெயர் வந்தது. தேவதாரு என்று நாம் சொல்லும்போது அந்தத் தாருவைத்தான் சொல்லுகிறோம். மரவாடி வழக்கில் நான் தவறிய சொல்லின் அடியில் ஒரு மரமே நின்றிருந்ததை எண்ணி எண்ணி வியந்தேன்.

நம் சொற்களின் பிறப்போ வேறு. உள் என்னும் அடியிலிருந்து உண்மை பிறந்தது. உள்ளதன் தன்மை அது. சத்தியமும் ‘இருப்பது’ என்னும் பொருளுடைய ‘ஸத்’ என்பதிலிருந்தே வந்தது. மெய் என்பது உடம்பையும் குறிக்கும், பொய்யாததையும் குறிக்கும். வாயினிடமாக விளங்குவது வாய்மை. உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்மை என்று மூன்றாக வகுத்துச் சொல்வது நம்மவர் மரபு. வள்ளுவரும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் மெய்யுணர்தலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்து, சொல்லில் நிற்கும் உண்மையையும் பொருளில் நிற்கும் உண்மையையும் தனித்தனியே வைத்திருக்கிறார். சாட்சிகள் ஓயாமல் சொல்லும் ‘நெசம்’ என்பதோ நிஜம் என்பதன் மரூஉ; சம்ஸ்கிருதத்தில் அது ‘தனக்கே உரியது’ என்று பொருள்படும். ஆகவே நாம் உண்மை என்றால் ‘உள்ளதா, இல்லதா?’ என்ற கேள்வி அடியில் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘ட்ரூ’ என்றால் ‘எதனிடம் மாறாமல் நிற்கிறது?’ என்ற கேள்வி கிடக்கிறது. எஜமானனுக்கு உண்மையாக உழைத்தான் என்று நாமும் சொல்வதுண்டுதான். ஆயினும் அந்த ‘எஜமானனுக்கு’ என்ற நான்காம் வேற்றுமை இல்லாவிட்டால் நம் சொல் உடனே உள்ளது இல்லது என்ற தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. நான் தவறியது அந்த இடத்தில்தான்.

பெரியவரின் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, கோர்ட்டில் தினந்தோறும் கையாளும் எத்தனையோ தொடர்கள் எனக்குப் புதிதாக விளங்கின. எல்லாவற்றுள்ளும் முதலாவது ‘ட்ரூ காப்பி’. எங்கள் நகல் பிரிவில் ஒருவர் அசலைப் படிக்க, மற்றொருவர் நகலில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்ப்பார். அசலில் பிழையாக எழுதியிருந்தால் நகலிலும் அந்தப் பிழை அப்படியே இருந்தாக வேண்டும். திருத்தி எழுதிய நகல் செல்லாது. முழுவதும் பொய்யான ஒரு பத்திரத்துக்கும் ‘ட்ரூ காப்பி’ உண்டு. அந்த நகல் அசலைப் பற்றி நிற்கிறதே தவிர அசல் சொல்லும் சங்கதியைப் பற்றி நிற்கவில்லை. இதை ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுக்கிற வழக்கத்தால் ஒரு குடியானவர் பட்ட துயரத்தை நான் அறிவேன். தம் நிலத்தின் மேல் எதிரி கொண்டுவந்த வழக்கின் பிராது நகலை வாங்கிப் படித்தவர், அதன் அடியில் ‘உண்மை’ என்று எழுதிக் கோர்ட்டு முத்திரையும் இருக்கக் கண்டு, எதிரி சொன்னது உண்மை என்று கோர்ட்டே முடிவு கட்டிவிட்டதாக எண்ணி, வக்கீலிடம் கூடப் போகாமல் இரண்டு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்தார். அதன் பிறகு என் கையால் எழுதியவற்றில் எல்லாம் ‘அசலுக்கு ஒத்த நகல்’ என்றே எழுதினேன். சொல் சற்று நீளம். ஆனால் அதைப் படித்து யாரும் முடங்கிக் கிடக்கமாட்டார்கள்.

இரண்டாவது பாடம் ஒரு ரைஸ் மில் வழக்கில் வந்தது. மில்காரர் வாங்கிய இயந்திரத்தின் தண்டு சுழலும்போது அதிர்ந்து, பேரிங்குகள் சூடேறி, பெல்ட்டு அடிக்கடி கழன்றுகொண்டிருந்தது. விற்றவர்கள் கொடுத்த உத்தரவாதக் கடிதத்தில், தண்டு சோதிக்கப்பட்டு ‘ட்ரூ’வாக ஓடுகிறது என்று கண்டிருந்தது. தண்டு உண்மையாக ஓடுகிறது என்று எழுதினால் எந்தத் தமிழனுக்கும் விளங்காது. சரியாக ஓடுகிறது என்று எழுதினால் வழக்கின் உயிர்நாடியே நழுவிப்போகும், ஏனெனில் தகராறு அந்த ஒரு சொல்லைப் பற்றியே. மூன்று நாள் அந்தப் பக்கத்தை முடிக்காமல் வைத்திருந்தேன்.

நான்காம் நாள் என் சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்துவிட்டது. கோர்ட்டு வாசலில் இருந்த சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சக்கரத்தைக் கவட்டில் மாட்டிச் சுழலவிட்டு, ரிம்முக்கு ஒரு நூல் தூரத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்தார். வளைந்த இடம் வரும்போதெல்லாம் சாக்குக்கட்டி உரசி வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை இளக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுழலவிட்டுப் பார்த்து, மறுபடி இறுக்கி, சாக்குக்கட்டி எங்கும் படாமல் சக்கரம் ஒரே கோட்டில் ஓடும்வரை விடாமல் செய்தார். “கோட்டம் எடுத்தாச்சுங்க ஐயா, இனி நேரா ஓடும்” என்றார். நான் அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மூன்று நாளாக நான் தேடிய சொல் அவர் வாயில் இருந்தது. அன்றே ‘தண்டு கோட்டமின்றி நேராகச் சுழல்கிறது’ என்று எழுதி முடித்தேன். தொழிலாளியின் இந்தக் கோட்டம் நம் இலக்கியத்துக்கும் பழையது. நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லின் கோட்டத்தையும் உள்ளத்தின் கோட்டத்தையும் கூறி, இரண்டும் அற்ற நிலையைச் செப்பம் என்கிறார். பழுதுபட்ட பாலத்தையும் வீட்டையும் செப்பனிடுகிறோம் என்று நாம் சொல்லும்போதும் அந்தச் செப்பம்தான் வருகிறது. நீதியின் நேர்மையையும் சக்கரத்தின் நேர்மையையும் ஒரே சொல்லால் அளக்கத் தெரிந்த பாஷை நம்முடையது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்தக் கடைக்காரரே.

அதே வழக்கில் இயந்திரத்தைச் சோதித்த வடநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஆங்கிலத்தில் சாட்சி சொல்ல வந்தார். நடுவே நின்று பெயர்த்துச் சொன்னவன் நான். 1873ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1969ஆம் வருஷத்துச் சட்டத்தில் சாட்சிக்கு ஒரு பிரமாணமும் மொழிபெயர்ப்பாளனுக்கு வேறொரு பிரமாணமும் உண்டு. சாட்சி, தான் சொல்வது உண்மை என்று பிரமாணம் செய்கிறார். மொழிபெயர்ப்பாளன் செய்வது, கேட்கப்படும் கேள்விகளையும் சொல்லப்படும் சாட்சியத்தையும் செம்மையாகவும் ‘ட்ரூலி’யாகவும் பெயர்த்துரைப்பேன் என்ற பிரமாணம். சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டியவன் இவன். பொய்யை உள்ளபடி பெயர்ப்பதே இவனுடைய உண்மை. இதை நான் படித்து அறிந்திருந்தேனே தவிர, கைக்கொள்ள அன்றைக்குத்தான் கற்றேன். தண்டு நேராக ஓடியதா என்ற கேள்விக்கு அந்த எஞ்சினியர் ஒரு கணம் தயங்கி, தம் அபிப்பிராயத்தில் அப்படித்தான் ஓடியதாக எண்ணுவதாகச் சொன்னார். வாக்கியம் சுற்றிவளைத்து வந்ததால், கேட்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான், “கோட்டமின்றி ஓடியது என்கிறார்” என்று சுருக்கிச் சொல்லிவிட்டேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “சாட்சி தயங்கினார், உங்கள் தமிழ் தயங்கவில்லையே” என்றார். அவர் குரலில் கோபமில்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அபிப்பிராயம், எண்ணுகிறேன் என்ற இரண்டையும் சேர்த்து மறுபடி சொன்னேன். தயக்கமும் சாட்சியத்தின் ஓர் அங்கம். அதை நீக்கி வாக்கியத்தை அழகாக்குகிறவன் பிரமாணத்தை மீறியவன் என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் அவர் எனக்கு உபதேசித்தார்.

ஒருவன் எவ்வளவு நிச்சயமாக அறிவான் என்பதும் உண்மையின் ஒரு பகுதி என்பதைச் சட்டம் வெகு நுட்பமாக உணர்ந்திருக்கிறது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி, பிராதில் கையெழுத்திடுகிறவர் எந்தெந்தப் பாராக்கள் தம் சொந்த அறிவில் தெரிந்தவை, எவை பிறர் சொல்லக் கேட்டு உண்மையென நம்புகிறவை என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது வெறும் சடங்கு. ஆனால் ‘நான் கண்டேன்’ என்பதற்கும் ‘கேட்டேன், நம்புகிறேன்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில் ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடக்கூடும். 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 191ஆவது பிரிவு இன்னும் ஒரு படி ஆழமாகச் சென்றது. பொய் என்று அறிந்தே ஒன்றைச் சொல்வது மட்டும் அதில் குற்றமாகவில்லை. பொய்யான ஒன்றை, உண்மையென்று நம்பாமலே சொல்வதும் குற்றம். அதற்கும் மேலாக, தான் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொன்னால் அந்த நம்பிக்கையைப் பற்றிய கூற்றும் பொய்ச் சாட்சியமே என்று அந்தப் பிரிவு விளக்கியது. சொல் உலகத்தோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாராமல், சொல்லுகிறவன் நெஞ்சோடு ஒத்திருக்கிறதா என்றும் சட்டம் பார்க்கிறது. வாய்மையையும் உண்மையையும் நம் முன்னோர் தனித்தனியே வைத்ததன் தாத்பரியம் இந்தப் பிரிவைத் தமிழில் பெயர்க்கும்போதுதான் எனக்குப் பூரணமாகப் புலப்பட்டது.

எல்லைத் தகராறு வழக்கு ஒன்றில் வந்த வரைபடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன: ஒன்று காந்த வடக்கு, மற்றொன்று ‘ட்ரூ நார்த்’. பின்னதை உண்மை வடக்கு என்று பெயர்த்திருந்தேன். கட்சிக்காரரான கிழவர் ஒருவர் வெகு சிரத்தையோடு அந்தப் படத்தைப் பார்த்து, “அப்படின்னா இன்னொண்ணு பொய் வடக்குங்களா?” என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. 1802இல் லாம்ப்டன் என்ற நில அளவை அதிகாரி பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மகா திரிகோண அளவை முதல் இன்றுவரை, நில அளவைக்காரர்களுக்கு இரு வடக்குகளும் வேண்டியவையே. காந்த ஊசி காந்தத்தின் வடக்கை மாறாமல் காட்டுகிறது. அந்த வடக்கு காலத்தால் சிறிது சிறிதாக நகரும். மற்றது பூமி சுழலும் அச்சின் முனையைப் பற்றி நிற்பதால் நகராதது. இதில் எதுவும் பொய்யில்லை. இரண்டும் தத்தம் பிடிப்புக்கு விசுவாசமாக இருக்கின்றன; அவை பிடித்திருக்கும் பொருள்தான் வேறு. துருவ வடக்கு என்று திருத்தி எழுதிக் காட்டியதும், துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே இரவில் தண்ணீர் கட்டிப் பழகிய அந்தக் கிழவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

இப்படியே வருஷங்கள் செல்லச்செல்ல, அந்த ஒரு சொல்லுக்கு என் குறிப்பேட்டில் பக்கங்கள் நிறைந்தன. கனவு ‘ட்ரூ’வானால் பலித்தது, நண்பன் ‘ட்ரூ’வானால் உற்ற நண்பன், சொன்ன சொல்லுக்கு ‘ட்ரூ’வானவன் வாக்குத் தவறாதவன், வாரிசு ‘ட்ரூ’வானால் உரிமையுள்ள வாரிசு, சாயல் ‘ட்ரூ’வானால் அச்சு அசல், விதை ‘ட்ரூ’வானால் இனத்தூய்மை மாறாத விதை. ஒவ்வொன்றிலும் தமிழ் வேறு வேறு வாசலைத் திறக்கிறது. இதைப் பார்த்து நம் பாஷையில் ஒரு சொல் குறைவு என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடிவைத்ததைத் தமிழில் பெயர்க்கிறவன் திறந்து பார்த்தே ஆகவேண்டியிருக்கிறது. திறந்து பாராமல் பெயர்க்க முடியாது என்பதே நமக்குக் கிடைத்த பாதுகாப்பு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாம் இழந்திருக்கிறோம் என்று எண்ணுகிறேன். சாட்சிப் பிரமாணத்தில் ஆங்கில வாசகத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு: சொல்வது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. சினிமாவிலும் நாடகத்திலும் கேட்டுப் பழகி, ஜனங்களின் வாயில் வழங்கும் தமிழில் முதலும் மூன்றாவதுமே நிற்கின்றன. நடுவிலுள்ள ‘முழு’ உதிர்ந்துவிட்டது. நான் சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்துவிட்டு, தெரிந்ததில் பாதியைச் சொல்லி இறங்கிப்போகிறவன் அந்தத் தமிழ்ப் பிரமாணத்தை மீறியவனாக மாட்டான்; ஆனால் கோர்ட்டுக்கு நேரும் சேதம், அப்பட்டமான பொய்யைக் காட்டிலும் இந்தப் பாதி உண்மையாலேயே அதிகம் என்பதை முப்பத்திரண்டு வருஷம் கண்ணால் பார்த்தவன் நான். சந்தர்ப்பம் வாய்த்தபோதெல்லாம், பிரமாணம் சொல்லிக்கொடுக்கும் சேவகரிடம் ‘முழு உண்மை’யை விடாமல் சொல்லும்படி வேண்டிக்கொண்டேன். அதைச் சொன்ன நாட்களில் சாட்சிகள் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே பேசினார்கள்.

பெரியவர் ஓய்வு பெற்ற நாளில் தம் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். என் ஓய்வு நாளில் அதையும் என்னுடையதையும் சேர்த்து எனக்குப் பின் வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமும் 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும் மறைந்து புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. இயந்திரங்களே மொழிபெயர்க்கும் காலமும் வந்துவிட்டது. எண்கள் மாறலாம், கருவி மாறலாம். கூண்டில் நின்று, தனக்குத் தெரியாத பாஷையில் உள்ள காகிதத்தை நம்பிப் பதில் சொல்லுகிற மனிதர் மாறவில்லை.

மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ‘இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் தொழிலின் விதி. அந்த வரியில் உள்ள உண்மை, மூலத்தை எழுதியவருக்கும் அதை நம்பிக் கேட்கிறவருக்கும் நாம் செலுத்த வேண்டிய விசுவாசம். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களை நான் வேண்டுவது ஒன்றே: அந்த வரியின் கீழ்ப் பேனாவை வைக்குமுன், பக்கத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்; விடை தெரியாவிட்டால் அன்றைக்குக் கையெழுத்திடாதீர்கள்.